பிரெஞ்சுக்காரர் போன பிறகும் போகாத பள்ளிக்கூடம்

கேள்வி கேட்டவர் சென்னைக்காரர். குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்தவர், விக்தோர் சிமோனல் வீதியில் பள்ளி விடுகிற நேரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அவர் எழுதியதன் சாரம் இது: "வெளியே வந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் நம்ம பிள்ளைகள். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு பேசிக்கொண்டு போனார்கள். பலகை முழுக்க பிரெஞ்சு. 1954-லேயே பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிவிட்டானே, இந்தப் பள்ளி மட்டும் எப்படி நிற்கிறது? இது தனியார் பள்ளியா, தூதரகம் நடத்துவதா? யார் பிள்ளைகள் படிக்கிறார்கள்?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இது தனியார் பள்ளி இல்லை. தூதரகம் நடத்துவதும் இல்லை. பிரெஞ்சு அரசின் சொந்தப் பள்ளி. வெளிநாடுகளில் உள்ள பிரெஞ்சுப் பள்ளிகளைக் கவனிக்க 1990-ல் சட்டம் போட்டு உருவாக்கிய ஓர் அரசு முகமை இருக்கிறது. அதன் நேரடி நிர்வாகத்தில் இந்தப் பள்ளி நடக்கிறது. கொடி இறங்கிய பிறகும் இது நிற்பதற்குக் காரணம், 1956-ல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பள்ளிக்கென்றே எழுதிவைத்த ஒரு பிரிவு. ஊர்க்காரர்கள் 'லிசே' என்பார்கள். வயதானவர்கள் வாயில் இன்னும் 'பிரெஞ்சு காலேஜ்'. இன்றைய முழுப்பெயரில் 'சர்வதேச' என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோக்காரரிடம் வழி கேட்டால் முழிப்பார். லிசே என்றால் கொண்டுபோய் விடுவார்.

ஒப்பந்தம் மட்டும் ஒரு பள்ளியை எழுபது வருசம் காப்பாற்றாது. அதனால்தான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1826-ல் ஆரம்பித்த பள்ளி இது. அப்போதைய புதுச்சேரியை நினைத்துப் பாருங்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதன் பிறகும் கை மாறி, கை மாறி, நெப்போலியன் தோற்ற பின் 1816-ல்தான் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர் கடைசியாகத் திரும்பக் கிடைத்தது. அதுவும் நிபந்தனையோடு: கோட்டை கட்டக்கூடாது, காவல் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது. ஆளுநர் துப்ளெக்ஸ் காலத்துப் பேரரசுக் கனவெல்லாம் அந்த ஒரு வரியில் முடிந்துபோனது. அப்படிப் பல் பிடுங்கிய ஊருக்கு 1826-ல் ஆளுநராக வந்தவர் எழேன் தெபசேன் தெ ரிஷ்மோன். ரீயூனியன் தீவில் பெரும் தோட்டங்கள் வைத்திருந்த குடும்பம். வந்த ஆண்டே 'கொலேழ் ரொயால்', அதாவது அரசர் பெயரிலான கல்லூரியைத் தொடங்கினார். மறு ஆண்டே பொது நூலகம். இன்று ரோமன் ரோலன் பெயரில் இருப்பது அதுதான். ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போகிற தாவரவியல் பூங்காவும் அவர் காலத்தில் வந்ததே. மொத்தம் இரண்டு ஆண்டுதான் இருந்தார். கோட்டை கட்ட முடியாத ஆளுநர் வேறென்ன கட்டுவார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இங்கே 'காலேஜ்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக்கூடாது. பிரெஞ்சில் 'கொலேழ்' என்றால் பள்ளிக்கூடம்தான். புதுச்சேரிப் பெரியவர் ஒருவர் "நான் காலேஜில் படித்தேன்" என்றால் பட்டதாரி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; பத்து வயதில் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

சரி, அந்தப் பள்ளி யாருக்காக? தமிழர்களுக்காக இல்லை. வெள்ளைக்காரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் வம்சாவளியினருக்கும்தான். அந்தக் காலத்து ஊர் மூன்று அடுக்கு: ஐரோப்பியர், 'தொப்பாஸ்' என்று அழைக்கப்பட்ட கலப்பினத்தவர், பிறகு நாம். நடுவில் ஒரு வாய்க்கால். கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று வரைபடத்திலேயே எழுதியிருக்கும். பள்ளி வாய்க்காலுக்குக் கிழக்கே. இந்தியப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள். அதிலும் சாதி பார்த்துப் பிரித்தார்கள். சமத்துவம் பேசிய நாடு என்றாலும், இங்கே வந்ததும் உள்ளூர் வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தொந்தரவு வரக்கூடாதே.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கல்வே சுப்பராய செட்டியார் என்ற செல்வர் இந்தியப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளிக்குக் கை கொடுத்தார். மிஷன் வீதியில் இன்றும் தூண்களோடு கம்பீரமாக நிற்கிற கல்வே காலேஜ் அது. பாரதிதாசன் படித்தது அங்கேதான். 1909-ல் காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழ் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்து, பிரெஞ்சு அரசிடம் சம்பளம் வாங்கி, 1946-ல் ஓய்வு பெற்றார். பிரெஞ்சு அரசின் கல்வித்துறைக்குள் தமிழ் இருந்தது. லிசேயின் வாசலில்தான் அது வெகுநாள் காத்து நின்றது.

நடுவில் லிசே பாதிரிமார் கைக்குப் போனதும், மீண்டும் அரசிடம் வந்ததும் தனிக்கதை. பாரிஸில் ஆட்சி மாறினால் இங்கே பெயர்ப்பலகை மாறும், அவ்வளவுதான் சுருக்கம். அரசர் போனதும் 'ரொயால்' போய், 'கொலோனியல்' ஆனது, பிறகு 'பிரான்சே', கடைசியில் 'லிசே'.

வாசல் எப்படித் திறந்தது என்பதுதான் முக்கியம். ஒரே நாளில் திறக்கவில்லை. பொன்னுத்தம்பிப் பிள்ளை கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1873-ல் ஐரோப்பியச் செருப்பு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழைந்த தமிழ்க் கிறிஸ்தவ வழக்கறிஞர். வெள்ளைக்கார வழக்கறிஞர் ஷூ போட்டு வரலாம், தமிழர் வெறுங்காலோடு வர வேண்டும் என்பது அன்றைய வழக்கம். தண்டித்தார்கள். அவர் விடவில்லை, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். அதற்குப் பிறகு 1881 செப்டம்பரில் வந்த ஆணை, ஒரு இந்தியர் தன் சாதி, மத வழிச் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம் என்றது. அப்படிச் செய்தவர்களுக்கு 'ரெனோன்சான்', துறந்தவர், என்று பெயர். அவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார். கதவு என்று பொருள். புதுச்சேரித் தொலைபேசிப் புத்தகத்தில் பச்சைத் தமிழருக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருந்ததன் மர்மம் இதுதான்.

பெயர் மாறியதும் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வழி தெரிந்தது. வியட்நாமின் தெற்குப் பகுதி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே தபால், சுங்கம், போலீஸ், கணக்கு வேலைகளுக்கு பிரெஞ்சு தெரிந்த, குடியுரிமை உள்ள ஆட்கள் தேவை. துறந்தவர்கள் சட்டப்படி பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமம் என்று வழக்காடி, அந்த வேலைகளைப் பிடித்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வீட்டுக்கு ஒருவர் சைகோனில் என்ற நிலை வந்தது. அந்தக் கப்பலுக்கு டிக்கெட் பணத்தைவிட முக்கியமானது படிப்புச் சான்றிதழ். ஊர்ப்பேச்சில் 'செர்த்திபிக்கா', 'பிரவே'. பிரெஞ்சு இலக்கியத்தில் ஆர்வம் வந்து யாரும் பிள்ளையை அனுப்பவில்லை. பிரவே பாஸ் செய்தால் சைகோனில் உத்தியோகம். அங்கிருந்து மாசா மாசம் பணம். கடைசிக் காலத்தில் 'ரெத்ரெத்', அதாவது ஓய்வூதியம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் ஊரில் இங்கிலீஷ் மீடியம் பிடித்ததும் இதே கணக்கில்தானே?

இனி 1954. அந்த அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. ஆனால் அது நடைமுறைக் கைமாற்றம்தான். சட்டப்படி ஊர் இன்னும் பிரான்சின் சொத்து. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவே ஆறு வருசம் இழுத்தது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொரு நிலத்தை விட்டுக்கொடுக்கும் காகிதத்தில் கைவைக்க பாரிஸில் யாருக்கும் துணிச்சல் இல்லை. அல்ஜீரியா விடுதலையான அதே கோடையில், 1962 ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியும் சட்டப்படி இந்தியாவுடையது ஆனது.

அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால் ஒன்று தெரியும். நிலம், அரசுக் கட்டடங்கள், கடன், பென்சன் எல்லாவற்றையும் பங்கு பிரித்தது போக, பிரான்ஸ் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது கல்வி, பண்பாடு தொடர்பான சில பிரிவுகளை. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று ஒன்று. ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்கு இடம். 1955-லேயே தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதில் ஊன்றி நிற்கிறது. மூன்றாவது நம் பள்ளி. 'பிரெஞ்சு காலேஜ்' இருக்கும் கட்டடத்திலேயே இடைநிலைக் கல்வி தரும் பிரெஞ்சுப் பள்ளியாகத் தொடரும். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது, சம்பளம், பாடத்திட்டம், தேர்வு, பராமரிப்பு எல்லாம் பிரெஞ்சு அரசின் பொறுப்பு. கட்டடமும் அதற்கே சொந்தம். 1816-ல் கோட்டையும் படையும் இல்லாமல் ஊரைத் திரும்ப வாங்கியவர்கள், 1956-ல் ஊரே இல்லாமல் பள்ளியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மற்ற ஊர்களில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் இது எவ்வளவு அபூர்வம் என்று புரியும். சைகோனில் 1874-ல் தொடங்கிய ஷாஸ்லூ-லோபா பள்ளி பெரும் புகழ் பெற்றது. கம்போடிய மன்னர் சிகானூக் அங்கே படித்தவர். அது பின்னால் ழான்-ழாக் ரூசோ பெயருக்கு மாறி, 1970-ல் வியட்நாம் கைக்குப் போய், இன்று லே குய் டோன் என்ற வியட்நாமிய அறிஞரின் பெயரில் உள்ளூர்ப் பள்ளியாக இருக்கிறது. ஹனோயின் அல்பேர் சரோ பள்ளி, கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகும் விநோதமாகத் தாக்குப்பிடித்து, 1965-ல் மூடியது. கெய்ரோவில் 1956-ல் சூயஸ் சண்டை வந்ததும் எகிப்து அரசு பிரெஞ்சுப் பள்ளியை எடுத்துக்கொண்டு 'விடுதலை' என்று பொருள்படும் அரபுப் பெயரைச் சூட்டியது. எல்லா இடத்திலும் ரத்தமோ சண்டையோ நடந்தது. புதுச்சேரியில் மேசையில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். பேசி முடித்ததால் பள்ளி தப்பித்தது.

ஆனால் கட்டடம் தப்பித்தால் போதுமா, பிள்ளைகள் வேண்டாமா? அதையும் அதே ஒப்பந்தம் ஏற்பாடு செய்துவிட்டது. இது யாரும் திட்டமிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஊரில் பிறந்து ஊரிலேயே இருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் 1962-ல் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். இதை ஊரில் 'ஒப்ஷன்' என்பார்கள். "எங்க தாத்தா ஒப்ஷன் கொடுத்தார்", "எங்க தாத்தா கொடுக்காம விட்டுட்டார்" என்று இன்றைக்கும் பெருமூச்சோடு பேசுவதைக் கேட்கலாம். கொடுத்தவர்கள் ஐயாயிரம் பேர் அளவில். பலர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள், ஊர்வழக்கில் 'சொல்தா'. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் துப்பாக்கி தூக்கிவிட்டு ஊர் திரும்பி, மாதாமாதம் ரெத்ரெத் வாங்கியவர்கள். குருசுக்குப்பம், முத்தியால்பேட்டைப் பக்கம் மாடி வீடுகள் எழும்பின. அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பிறப்பாலேயே பிரெஞ்சுக்காரர்கள். பாஸ்போர்ட் பிரெஞ்சு, பேச்சு தமிழ், வீட்டில் கருவாட்டுக் குழம்பு. பாஸ்போர்ட்டுக்கு ஏற்ற மொழி வேண்டுமே, லிசே போனார்கள்.

ஆக, எந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவைத்துப் பள்ளி தொடங்கியதோ, அந்தப் பிள்ளைகளால்தான் இன்று அது நிரம்புகிறது. நீங்கள் வாசலில் பார்த்தது அவர்களைத்தான். கூடவே இந்தியக் குடியுரிமை உள்ள பிள்ளைகளும், பிரான்சிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு.

இப்போது நடைமுறை. மூன்று வயதில் மத்தர்னெல் என்ற மழலையர் வகுப்பில் ஆரம்பித்து, பள்ளி முடிக்கும்போது எழுதும் பக்கலொரேயா தேர்வு வரை, பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் பாடத்திட்டம் அப்படியே. ஆசிரியர்களில் சிலர் பிரான்சிலிருந்து அனுப்பப்படுபவர்கள், சிலர் இங்கேயே எடுக்கப்படுபவர்கள். கட்டணம் உண்டு. ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு, குடும்ப வருமானத்தைப் பார்த்து பிரெஞ்சு அரசு உதவித்தொகை தரும். இங்கே நிறையக் குடும்பங்கள் அதை நம்பியே இருக்கின்றன. உலகம் முழுக்க இந்த முகமையின் வலையில் 600 பள்ளிகள் அளவில் இருக்கின்றன. பெரும்பாலானவை பெற்றோர் சங்கமோ தனியாரோ நடத்துவது, முகமை மேற்பார்வை மட்டும். புதுச்சேரி மாதிரி நேரடியாக நடத்துவது குறைவு.

உள்ளே ஒரு விநோதம்: வகுப்பு எண் இறங்கிக்கொண்டே வரும். பதினொரு வயதில் ஆறாம் வகுப்பு. அதுவரை நமக்கும் அவர்களுக்கும் ஒன்று. அடுத்த வருசம் ஐந்தாவது, பிறகு நான்காவது, மூன்றாவது. அந்த முடிவில் பிரவே. இரண்டாவது, முதலாவது, கடைசியாகத் 'தெர்மினால்'. முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு ஆயா, பேரன் ஐந்தாவது போகிறான் என்று கேட்டதும், "போன வருசம் ஆறுதானே படிச்சான், ஃபெயிலாயிட்டானா?" என்று அழுதே விட்டது. நோட்டுப் புத்தகமும் வேறு. நம் ஒற்றைக்கோடு நோட்டு இல்லை. எட்டு மில்லிமீட்டர் கட்டங்களும், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று மெல்லிய கோடுகளும் போட்டது. எழுத்தின் வால் எந்தக் கோடு வரை தொங்கலாம் என்பதற்குக்கூடக் கணக்கு. 1-க்கு முன்னால் நீளமாக ஒரு கொம்பு, 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு. மளிகைக் கடையில் சீட்டு எழுதினாலே லிசே பிள்ளை என்று தெரிந்துவிடும்.

பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து கொஞ்சம் கசக்கும். பிரான்சில் மேற்படிப்பு என்று முடிவெடுத்திருந்தால் இதைவிட நல்ல வழி இங்கே கிடையாது. இந்தியாவிலேயே இன்ஜினியரிங், மருத்துவம் என்று ஆசை இருந்தால் யோசியுங்கள். பக்கலொரேயா நம் பிளஸ் டூவுக்கு இணை என்ற சான்றிதழை இங்கே வாங்கலாம், அது சிக்கல் இல்லை. ஆனால் நீட் மாதிரி நுழைவுத் தேர்வுகளின் பாடமும் பழக்கமும் வேறு. வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாமல் பிள்ளையை மட்டும் தள்ளிவிட்டால், வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் ஒவ்வொரு மாலையும் போராட்டம்தான். படித்து முடித்ததும் பிள்ளைகளில் பெரும்பகுதி விமானம் ஏறிவிடும் என்பதும் உண்மை. முன்பு சைகோன் கப்பல், இப்போது பாரிஸ் விமானம். இதற்காக ஊரில் சிலர் பள்ளியைக் குறை சொல்வார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. ஊரில் வேலை இல்லாததற்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்?

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அலியான்ஸ் பிரான்சேஸ் வேறு. அது 1889-லிருந்து மொழி வகுப்பு நடத்தும் சங்கம், யாரும் போய்க் கற்கலாம். பெத்தி செமினேர் கிறிஸ்தவப் பள்ளி. கல்வே காலேஜ் இப்போது புதுச்சேரி அரசுப் பள்ளி. பெயர் பிரெஞ்சாக இருப்பதால் எல்லாம் லிசே ஆகிவிடாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்தப் பள்ளியில் தமிழும் பாடம். பிரெஞ்சுத் தேர்வு முறையில் பக்கலொரேயாவுக்கு எடுக்கக்கூடிய மொழிகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறது. பாரிஸ் பக்கம் ஈழத்துப் பிள்ளைகள்கூட அதை எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் கணக்கில் அதற்கு 'லாங் விவான்த்', உயிருள்ள மொழி, என்று வகைப் பெயர். மதிப்பெண் எல்லாப் பாடத்துக்கும் போல இருபதுக்கு. எதிர்வீட்டுப் பேரன் ஒருமுறை தமிழில் பதினொன்று வாங்கிவந்தான். பிரெஞ்சு ஆசிரியர்கள் இருபதுக்கு இருபது போடவே மாட்டார்கள், பதினொன்று மோசமில்லை என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஆயா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "வீட்ல வாயத் தொறந்தா தமிழு, அதுல பதினொண்ணா?" என்று அன்றைக்கு முழுக்கத் திட்டித் தீர்த்தது.